மலைக்காட்டு மானியம்: காகிதம் தாத்தாவைத் தேடும்

போன வாரம் ஒரு தம்பி சொட்டுநீர் மானியத்துக்கான தாள்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தான். "அடங்கல் இருக்கே அண்ணே, போதாதா?" என்றான். நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்குதான் அடங்கல். பல வருடங்களுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. ஆதாரில் எழுத்துப்பிழை, தெளிவில்லாத ஜெராக்ஸ் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன். மானியம், கடன், காப்பீடு என்று போகும்போது மலை விவசாயி செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

இறந்தவர் பெயரில் பட்டா

மலையில் பாகப்பிரிவினை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். பலா மரத்துக்கு மேலே அண்ணனுக்கு, ஓடை வரை தம்பிக்கு. பட்டா மட்டும் தாத்தா பெயரிலேயே கிடக்கும். மிளகு காய்க்கிறது, காபி விற்கிறது, யாருக்கும் குறையில்லை. மானியம் என்று போய் நிற்கும்போதுதான் காகிதம் தாத்தாவைத் தேடும்.

நான் அடங்கலை நம்பிப் போனேன். என்ன பயிர் நிற்கிறது என்பதை அடங்கல் சொல்லும். நிலம் யாருடையது என்பதற்குப் பட்டா வேண்டும். சிறு, குறு விவசாயி சான்றும் அதை வைத்துத்தான். தமிழ்நாட்டில் 5 ஏக்கருக்குள் உள்ள சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் மானியம் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. பட்டா என் பெயரில் இல்லாததால் எனக்கு இரண்டும் இல்லை என்று மனு திரும்பி வந்தது.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உட்பிரிவுக்கு சர்வேயர். வெளியூரிலிருந்த சித்தப்பா கையெழுத்துப் போட பொங்கலுக்குத்தான் வந்தார். சரிவில் அளக்க மழை விட வேண்டும். இரண்டு கோடை போய்விட்டது. இளம் மிளகுக் கொடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தேன்; பாதி காய்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான், வேறு யார் மேலும் இல்லை, என் மேலேயே.

மத்திய அரசு விவசாயிக்குத் தரும் உதவித்தொகையான பி.எம். கிசானிலும் பட்டா பார்ப்பார்கள். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. நிலம் 2019 பிப்ரவரி 1 அன்று உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் வந்தது என்றால் உரிமையாளர் இறந்து வாரிசாக வந்திருக்க வேண்டும். பங்காளிகள் பேசும் நிலையில் இருக்கும்போதே பெயரை மாற்றிவிடுங்கள். பேச்சு நின்றபின் சர்வேயர் வந்தும் பயனில்லை.

மானிய உத்தரவு வருமுன் சொட்டுநீர்க் குழாய் வாங்குவது

வாங்காதீர்கள். கடை ரசீதுக்கு மானியம் கிடையாது.

பயிர்க்கடன் தவணை

வங்கிப் பயிர்க்கடனில் 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். நாள் தவறாமல் கட்டினால் 4. ஒரு நாள் தவறினாலும் அந்த 3 சதவீதச் சலுகை போச்சு.

மண்சரிவுக்குப் பின் சும்மா இருப்பது

பயிர்க் காப்பீடு எடுத்திருந்தால், மண்சரிவு, ஆலங்கட்டி மழை போன்ற சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் பாதை திறக்கட்டும் என்று ஐந்து நாள் காத்திருந்து, போட்டோக்களோடு நேரில் போனார். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. சிக்னல் கிடைக்கும் பாறை அவர் வீட்டிலிருந்து கால் மணி நேர ஏற்றம். அன்றைக்கே ஏறி ஒரு போன் போட்டிருக்கலாம்.

அந்தத் தம்பியை முதலில் தாத்தாவின் இறப்புச் சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பதிவே செய்யவில்லையாம்.