ஒரு கை பார்த்துவிடலாம்: 'ஹேண்ட்' என்ற ஒரே சொல்லை வைத்து ஆங்கில மரபுத்தொடர் பழகுவது எப்படி?

எங்கள் அலுவலகத்தில் ஒரு பணிநிறைவு விழா. விடைபெறும் அம்மாவுக்குப் பெரிய குத்துவிளக்கு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மைக் பிடித்திருந்தவர் 'லெட்ஸ் கிவ் ஹெர் எ பிக் ஹேண்ட்' என்றார். விளக்கைத் தூக்க ஆள் கூப்பிடுகிறார் என்று நான் மேடையேறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கீழே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'கிவ் மீ எ ஹேண்ட்' என்றால் ஒத்தாசை. 'பிக்' சேர்ந்துவிட்டால் கைதட்டல். அன்று ராத்திரி ஒரு நோட்டு போட்டேன். அதில் தேறிய முறை இது.

படி 1. ஒரே ஒரு சொல்லை எடுங்கள். 'ஆயிரம் மரபுத்தொடர்கள்' என்று வரும் பிடிஎஃப்களைத் தொடாதீர்கள். என்னிடம் மூன்று இருந்தன, ஒன்றில்கூட 'ஏ' எழுத்தைத் தாண்டியதில்லை. 'ஹேண்ட்' நமக்கு வசதி, தமிழிலும் எதற்கெடுத்தாலும் கைதானே.

படி 2. கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடி, பக்கத்தின் அடிவரை போங்கள். மரபுத்தொடர்களைத் தனியாகத் தொகுத்திருப்பார்கள். பத்து போதும்.

படி 3. அந்தப் பத்தையும் தமிழோடு ஒட்டிப் பாருங்கள். சில அப்படியே பொருந்தும். 'ரெட்-ஹேண்டட்' என்றால் கையும் களவுமாக (அந்தச் சிவப்பு, பழைய ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கில் கொலைகாரன் கையிலிருந்த ரத்தம்). 'ஹேண்ட் டு மவுத்' என்றால் கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. இவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆபத்து, பொருந்துவதுபோல் நடிப்பவற்றில்தான். கடன் கேட்டுப் போனால் நண்பன் கையை விரித்துவிட்டான் என்போம். ஆங்கிலத்தில் 'ஓபன்-ஹேண்டட்' என்றால் தாராளமாகக் கொடுப்பவன். நமக்குக் கை நீளம் என்றால் திருட்டுப் புத்தி. அங்கே 'லாங்ஹேண்ட்' என்பது சுருக்கெழுத்து இல்லாத சாதாரணக் கையெழுத்து. வியாபாரம் கையைக் கடித்தது என்றால் நஷ்டம். சோறு போடும் கையைக் கடிப்பதாக ஆங்கிலத்தில் சொன்னால் அது உண்ட வீட்டுக்கு ரெண்டகம். இவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

படி 4. நான் சறுக்கியது இங்கேதான். தொடரை மட்டும் எழுதாமல் அதற்கு முன்னால் வரும் வினையையும் சேர்த்து எழுதுங்கள். 'அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் கைமீறிப் போவது என்று மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் திட்டத்தை வாடிக்கையாளர் 'ரிஜெக்டட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்று மேலாளர் எழுதினார். நிலைமை எப்படிக் கைமீறியது என்று பதில் போட்டேன்! அவர் சொன்னது, எதையும் யோசிக்காமல் எடுத்த எடுப்பிலேயே நிராகரித்துவிட்டார்கள் என்று. 'காட்' அல்லது 'கெட்' முன்னால் வந்தால் கைமீறல். 'ரிஜெக்ட்', 'டிஸ்மிஸ்' வந்தால் எடுத்த எடுப்பிலேயே. தொடர் ஒன்று, பொருள் இரண்டு. நோட்டிலும் இரண்டு வரியாகவே இருக்கட்டும்.

படி 5. காதால் கேளுங்கள். யூகிளிஷ் தளத்தில் தொடரைத் தட்டினால், யூடியூபில் அதைப் பேசும் இடங்களை வரிசையாகப் போட்டுக்காட்டும். ஒரு தொடருக்கு ஐந்து காணொளி கேட்டால் பதிந்துவிடும். அட்டை புரட்டும் செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, நாற்பது பக்க நோட்டுதான் என் கட்சி.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே சந்தேகத்தைக் கேட்டார்கள். 'செகண்ட்-ஹேண்ட்' பைக் என்கிறோமே, அப்படியானால் புது பைக் 'ஃபர்ஸ்ட்-ஹேண்ட்' தானே? இல்லை. 'ஃபர்ஸ்ட்-ஹேண்ட்' என்பது நேரில் கண்டு, பட்டு அறிந்தது. விபத்தைக் கண்ணால் பார்த்தவர் சொல்வது 'ஃபர்ஸ்ட்-ஹேண்ட் அக்கவுண்ட்'. புது பைக் வெறும் 'நியூ' தான்.