கோப்பைத் திறக்காமலே பிரிண்ட் எடுக்கலாம்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் டியூஷன் நடத்துகிறவர்களுக்கும் கோயில் நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கும் தலைவலி பிரிண்டர் அல்ல, அந்தப் பழைய கணினியில் ஒரு பிடிஎஃப் திறந்து வருவதற்குள் டீ ஆறிவிடுகிறதே, அதுதான். லினக்ஸ் போட்டிருந்தால் கோப்பைத் திறக்கவே வேண்டாம், டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஒரு வரி போதும். உள்ளே வேலை பார்ப்பது கப்ஸ் என்ற அச்சு மென்பொருள். மேக் கணினியிலும் அதேதான். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தருகிறேன், தட்டும்போது சின்ன ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் "எல்பிஸ்டாட் -பி -டி" (பி என்பது p, டி என்பது d). பிரிண்டர்களின் பெயரும் எது டீஃபால்ட், அதாவது பெயர் சொல்லாவிட்டால் எதில் அடிக்கும், என்பதும் வரும். டீஃபால்ட் இல்லையென்றால் "எல்பிஆப்ஷன்ஸ் -டி" போட்டு ஓர் இடைவெளி விட்டுப் பிரிண்டர் பெயர்.

சரி, இனி "எல்பி கணிதம்.பிடிஎஃப்" என்றால் ஒரு பிரதி வந்துவிடும். 25 பிள்ளைகளுக்கு வேண்டுமா, "எல்பி -என் 25 -ஓ கொலேட்=ட்ரூ கணிதம்.பிடிஎஃப்". கொலேட் போட்டால் ஒவ்வொரு செட்டும் வரிசையாக வரும், தரையில் பரப்பி வைத்துப் பிரிக்காமல் நேரே ஸ்டேப்ளர் அடிக்கலாம். தாள் அளவு தப்பாக வந்தால் "-ஓ மீடியா=ஏ4" சேருங்கள், இதில் ஏ மட்டும் பெரிய எழுத்து.

இருபக்கம் அடிக்க "-ஓ சைட்ஸ்=டூ-சைடட்-லாங்-எட்ஜ்" இருக்கிறது, ஆனால் நம் ஊரில் பாதி வீட்டில் இருக்கும் மலிவு இங்க்ஜெட் அதைக் கேட்காது. அதற்கு "-ஓ பேஜ்-செட்=ஆட்" போட்டு ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்து, அடித்த தாள்கட்டைத் திருப்பி வைத்து, "-ஓ பேஜ்-செட்=ஈவன்" போட வேண்டும். எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும், ஒரே ஒரு பிரதி அடித்துப் பாருங்கள்; வரிசை தலைகீழாக வந்தால் இரண்டாவது தடவை "-ஓ அவுட்புட்ஆர்டர்=ரிவர்ஸ்" சேருங்கள். இன்னொன்று, கேள்வித்தாள் 3 பக்கம் என்றால் இந்த வித்தை பல பிரதிகளுக்குச் சரிவராது: மூன்றாம் பக்கத்தின் முதுகில் அடுத்த பிள்ளையின் இரண்டாம் பக்கம் ஏறிவிடும். கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்து 4 ஆக்கிவிடுங்கள்.

தமிழில் தட்டிய வெறும் டெக்ஸ்ட் கோப்பை நேராக அனுப்பினால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரலாம். முதலில் பிடிஎஃப் ஆக்கிக்கொள்வதே உத்தமம்.

இடி மழையில் கரண்டு போய் வந்த பிறகு பிரிண்டர் சும்மா நின்றால் "எல்பிஸ்டாட் -ஓ" போட்டு வரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், எதுவுமே தேவையில்லை என்றால் "கேன்சல் -ஏ" மொத்தமாகத் துடைக்கும். "எல்பிஸ்டாட் -பி" டிஸேபிள்ட் (நிறுத்தப்பட்டது) என்று காட்டினால் "சூடோ கப்ஸ்எனேபிள்", பின்னால் பிரிண்டர் பெயர்; சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. பிரிண்டர் அசையவில்லையே என்று அதே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள், எல்லாம் வரிசையில் காத்திருக்கும், 25 பிரதியை மூன்று தடவை தட்டியிருந்தால் எழுந்ததும் 75 பிரதியையும் அடித்துத் தள்ளும், மையும் தீர்ந்துபோகும்.