வெளிநாட்டுப் பயணத்துக்கு சிம் தேர்வு: பேக் விலையை மட்டும் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டுக்கான பேக் போடாமல் ரோமிங்கை, அதாவது நம் எண்ணை அங்குள்ள நெட்வொர்க்கில் பயன்படுத்தும் வசதியை, ஆன் செய்யக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். இந்திய எண்ணோடு அடிக்கடி சிங்கப்பூர், துபாய் என்று போய்வரத் தொடங்குபவர்கள், எந்தக் கம்பெனி நல்லது என்று தேடும்போது சறுக்குவது வேறு இடங்களில். எத்தனை பேருக்குச் சொன்னாலும், அடுத்து வருகிறவரும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்.

நாட்டின் பெயரைப் பார்த்துவிட்டு நெட்வொர்க்கின் பெயரைப் பார்க்காமல் விடுவது

மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் தவிர்க்கக்கூடியது. பேக்கில் 'சிங்கப்பூர்' என்று போட்டிருந்தால் அங்குள்ள சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 எல்லாவற்றிலும் செல்லும் என்று அர்த்தமில்லை. உங்கள் கம்பெனி பேக்கில் சேர்த்திருக்கும் நெட்வொர்க்கில் மட்டும்தான் பேக் ரேட். வேறொன்றில் போன் ஒட்டிக்கொண்டால் டேட்டா வராது. வந்தால் இன்னும் மோசம், எம்பி கணக்கில் பில் ஏறும்.

போன் தானாக ஏன் மாறுகிறது? சுரங்க ரயிலிலோ அடித்தள பார்க்கிங்கிலோ சிக்னல் அறுந்தால், வெளியே வந்ததும் அது புதிதாகத் தேடும். அந்த நேரத்தில் அனுமதி கிடைக்கும் வேறொரு நெட்வொர்க்கில் உட்கார்ந்துவிடும். எல்லைப் பகுதியில் இன்னும் சிக்கல். உட்லண்ட்ஸ் கரையோரம் நிற்கிறீர்கள், வாங்கியிருப்பது சிங்கப்பூர் பேக். திரையின் மேலே மலேசிய நெட்வொர்க்கின் பெயர். ஜொகூர் பாரு டவர் ஜலசந்தியைத் தாண்டி எட்டிப் பிடித்திருக்கிறது. போன் பையில் கிடக்க, காலையில் எடுத்த வீடியோக்கள் ஒவ்வொன்றாக பேக்கப் ஆகிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றிய பேக்கோடு பாசெல், ஜெனீவா பக்கம் போகிறவர்களுக்கும் இதே கதிதான். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. சொகுசுக் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கும் நாட்டு பேக்கில் வராது.

சிம் வாங்கும் முன்பே, நீங்கள் போகும் ஒவ்வொரு நாட்டுக்கும் பார்ட்னர் நெட்வொர்க், அதாவது பேக் செல்லும் நெட்வொர்க், பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாட்டுக்கு இரண்டாவது பார்ட்னரும் இருந்தால் அந்தக் கம்பெனிக்கு முன்னுரிமை கொடுக்கலாம். இறங்கியதும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யாமல், மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்'கை எடுத்துவிட்டு பார்ட்னர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் வர ஓரிரு நிமிடம் ஆகும், பொறுங்கள். அதன் பிறகே ரோமிங். நாடு மாறியதும் மறுபடி ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்; இல்லையென்றால் 'நோ சர்வீஸ்' காட்டிக்கொண்டே இருக்கும்.

டேட்டா இ-சிம் ஒன்றே போதும் என்று நினைப்பது

பயண இ-சிம்கள் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) பலவற்றில் போன் எண் கிடையாது. வங்கி ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த லைனை ஆனில் வைத்து, அதன் டேட்டாவை மட்டும் அணையுங்கள். இன்டர்நேஷனல் ரோமிங் சேவையை ஊரிலேயே ஆக்டிவேட் செய்திருக்க வேண்டும். துபாயில் உள்ளூர் சிம் டேட்டாவில் வாட்ஸ்அப் கால் போகாது. இந்திய ரோமிங் டேட்டா பெரும்பாலும் இந்தியா வழியாகச் சுற்றி வருவதால் அதில் போகும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சிம் மாற்றுவது

சிம்மை மாற்றினால், இ-சிம் ஆக்கினாலும், 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தப்படும். ஓடிபியும் அதில் அடக்கம். 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி ஏழு நாள் கழியாமல், எண்ணை வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யவும் முடியாது. பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு நாள் பேக்கின் 'நாள்'

முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரமா, இந்திய நேர நள்ளிரவு வரையா என்று கேளுங்கள். இந்திய நள்ளிரவு என்றால் துபாயில் இரவு 10.30. பத்து மணிக்கு இறங்கினால் முதல் நாள் அரை மணி நேரத்தில் காலி.

வோல்ட்இ ரோமிங்

சிங்கப்பூரில் 2024-லேயே 3ஜி நின்றுவிட்டது. அங்கே கால் பேச வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகப் பேசும் வசதி, வேண்டும். ரோமிங்கில் அதைத் தராத கம்பெனி வேண்டாம்.

கால் ஃபார்வர்டு

அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் இந்த வசதியைக் கிளம்பும் முன் நிறுத்துங்கள். எடுக்காத அழைப்புக்கும் பில் வரும்.