ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 இல்ல 1ஐ, பிடிச்சு வைக்கிறது எப்படி? லாட்ச், ஃபிளிப் ஃபிளாப் செஞ்சே பாக்கலாம்

ஆண்ட், நாண்ட் கேட்டெல்லாம் படிச்சிருப்பீங்க, அதுல இப்போ என்ன இன்புட் இருக்கோ அதை வச்சுதான் அவுட்புட், ஒரு நொடி முன்னாடி என்ன இருந்துச்சுன்னு அதுக்கு தெரியாது. பட்டனை விட்ட பிறகும் லைட் எரியணும்னா அவுட்புட்டை திருப்பி இன்புட்டுக்கே கொண்டு வரணும், அப்படி பிடிச்சு வைக்கிற சர்க்யூட்தான் லாட்ச். 1918லயே எக்கிள்ஸ், ஜோர்டன்னு ரெண்டு பேர் ரெண்டு வேக்கம் டியூப்பை இப்படி மாத்தி மாத்தி கோர்த்து செஞ்சாங்க, நாம நார் கேட்ல செய்வோம், அதுல ரெண்டு இன்புட்டும் 0ஆ இருந்தாதான் அவுட்புட் 1, ஒண்ணு 1 ஆனாலும் அவுட்புட் 0.

முதல்ல நாலு நார் கேட் இருக்கிற 74ஹெச்சி02 ஐசி ஒண்ணு எடுத்துக்கோங்க. பின் 14க்கு 5 வோல்ட், பின் 7 கிரவுண்ட். ஒரு விஷயம் கவனம், நாண்ட் கேட் ஐசியான 7400ல முதல் கேட்டோட அவுட்புட் பின் 3, ஆனா இதுல பின் 1, நிறைய பேர் தடுமாறுற இடம் இதுதான்.

அடுத்து பின் 1ஐ பின் 6க்கும், பின் 4ஐ பின் 3க்கும் இழுங்க. பின் 5ல செட் பட்டன், பின் 2ல ரீசெட் பட்டன், ரெண்டுமே அமுக்கினா 5 வோல்ட் வர்ற மாதிரி, அமுக்காதப்போ 0ஆ இருக்க ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. பின் 1ல இருந்து 1 கிலோ ஓம் வழியா எல்இடி, அதோட இன்னொரு கால் கிரவுண்டுக்கு. மிச்சம் இருக்கிற இன்புட் 8, 9, 11, 12 நாலையும் கிரவுண்ட் பண்ணிடுங்க, சும்மா விடாதீங்க.

பவர் போட்டதும் எல்இடி எரியுமா எரியாதான்னு சொல்ல முடியாது, அதனால முதல்ல ரீசெட். இப்போ செட்டை அமுக்கி விடுங்க, எரிஞ்சுகிட்டே இருக்கும்! செட் 1 ஆனதும் பின் 4ல 0 வருது, அது பின் 3க்கு வருது, பின் 2வும் 0ங்கிறதால பின் 1ல 1 வருது, அந்த 1 பின் 6ல போய் உக்காந்துக்குது, அப்புறம் நீங்க கையை எடுத்தாலும் பின் 4ல 0வே நிக்கும். இதை ஒரு தடவை பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, ப்ளீஸ். ரெண்டையும் சேர்த்து அமுக்கினா ரெண்டு அவுட்புட்டும் 0, ஒரே நேரத்துல விட்டா எது ஜெயிக்கும்னு தெரியாது, அதனால அது வேண்டாம்.

டி லாட்ச்ல அந்த தொல்லை இல்ல, செட், ரீசெட்டுக்கு பதிலா டேட்டான்னு ஒரே இன்புட்தான், கூட கதவு மாதிரி எனேபிள்னு ஒண்ணு, அது 1ஆ இருக்கிற வரைக்கும் அவுட்புட் டேட்டா பின்னாடியே ஓடும். அப்படி ஓடுறதுதான் பிரச்சனையும், ஒரு குறிப்பிட்ட நேரத்துல மட்டும் மாறணும்னா இது ஆகாது. ரெண்டு டி லாட்ச்சை வரிசையா வச்சு, ஒண்ணு திறந்தா இன்னொண்ணு மூடுற மாதிரி செஞ்சா, கிளாக், அதாவது எப்போ மாறணும்னு சொல்ற சிக்னல், 0ல இருந்து 1க்கு ஏறுற அந்த நொடியில மட்டும் மாறும். அதுதான் டி ஃபிளிப் ஃபிளாப்.

கடைசியா ரெண்டு டி ஃபிளிப் ஃபிளாப் இருக்கிற 74ஹெச்சி74 ஐசி ஒண்ணு. இதுலயும் 14 பவர், 7 கிரவுண்ட். பின் 6ஐ பின் 2க்கு போடுங்க, பின் 1, 4 ரெண்டும் 5 வோல்ட்டுக்கு, பயன்படுத்தாத 10ல இருந்து 13 வரைக்கும் அதே மாதிரி. பட்டனை நேரா கிளாக்ல போட்டா ஒரு அமுக்குக்கே பல தடவை அதிரும், அதனால நம்ம லாட்ச்சோட பின் 1ஐ இதோட பின் 3க்கு கொடுங்க. பின் 5ல அதே மாதிரி 1 கிலோ ஓம் வழியா இன்னொரு எல்இடி. செட், ரீசெட், செட், ரீசெட்னு அமுக்கிட்டே வாங்க, முதல் எல்இடி ரெண்டு தடவை எரிஞ்சு அணைஞ்சா இது ஒரே தடவைதான்.