வூஸ்டரா, காஃப்லியா? நீல-வெள்ளை ஆங்கிலப் பீங்கானை அடையாளம் காணும் முறை

பகோடாவும் படகும் மீனவரும் நீல நிறத்தில் தெரியும் பழைய கோப்பையைக் கண்டதும் அதைச் சீனப் பொருள் என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால், சீனக் காட்சிகளைப் பின்பற்றி 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட பீங்கான் ஏராளம் உண்டு. வூஸ்டர், காஃப்லி ஆகிய இரண்டு தொழிற்சாலைகளுமே 1780-களில் வெளியிட்ட ‘மீனவர்’ சித்திரம், புதிதாகப் பழகுவோருக்கு மிக நல்ல பாடம். பத்து மடங்கு பெரிதாக்கும் வில்லையும் ஒரு டார்ச் விளக்கும் போதும்.

முதல் படி, சித்திரம் அச்சிடப்பட்டதா, தூரிகையால் தீட்டப்பட்டதா என்று பார்ப்பது. இந்தப் படியில் அவசரம் வேண்டாம். செப்புத் தகட்டில் செதுக்கிய கோடுகளில் கோபால்ட் நீலத்தை எண்ணெயோடு குழைத்து நிரப்பி, மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து, ஒருமுறை சுட்ட பாத்திரத்தின் மேல் அழுத்திப் பதித்தார்கள். பிறகு தாளை நீக்கி, சூட்டில் எண்ணெயைப் போக்கி, மெருகு பூசி மீண்டும் சுட்டார்கள். ஆகவே, அச்சுச் சித்திரத்தின் நிழல் பகுதிகளை வில்லையில் பார்த்தால் நெருக்கமான நுண்கோடுகள் தெரியும். தீட்டியதில் தூரிகை விட்டுச்சென்ற அடர்த்தியும் வெளிறலும் தெரியும். விளிம்பு அலங்காரத்தையும் சுற்றிப் பாருங்கள். தாளின் இரு முனைகள் சேரும் இடத்தில் கோலம் பொருந்தாமல் ஒட்டுப்போட்டதுபோல் இருந்தால், அது அச்சு என்பதற்கு நல்ல சான்று.

இரண்டாவதாக மீனவரின் கையிலுள்ள மீனைப் பாருங்கள். குட்டையாகப் பருத்த மீன் என்றால் காஃப்லி. நீண்டு மெலிந்த மீன் என்றால் வூஸ்டர். இவ்வளவு சிறிய வேறுபாட்டை நம்பவேண்டியிருப்பதற்குக் காரணம், இரு தொழிற்சாலைகளுக்கும் இடையே இருந்த நெருக்கம்தான். வூஸ்டரில் செப்புத் தகடு செதுக்கிய ராபர்ட் ஹான்காக், 1770-களின் நடுவில் காஃப்லியின் தாமஸ் டர்னரிடம் சேர்ந்தார். களிமண்ணோடு மாக்கல்லைச் சேர்க்கும் முறையும் இரண்டு இடங்களிலும் இருந்தது. கொதிநீரைத் தாங்கும் தேநீர்ச் சாமான்களுக்கு அது மிகவும் ஏற்றது.

அடுத்து, இருட்டறையில் கோப்பையின் உட்புறம் டார்ச்சைப் பிடியுங்கள். வூஸ்டர் பெரும்பாலும் பச்சை கலந்த ஒளியையும், காஃப்லி பெரும்பாலும் இளம் ஆரஞ்சு ஒளியையும் காட்டும். ஒளியே ஊடுருவாவிட்டால் அது பீங்கானாக இல்லாமல், பிற்கால மண்பாண்ட நகலாக இருக்கலாம்.

அடிப்பகுதி முத்திரையைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் போலி செய்தவர்கள் முதலில் நகலெடுத்தது அதைத்தான். வூஸ்டரின் அச்சுப் பொருள்களில் கோடிட்டு நிரப்பிய பிறைக்குறியும், காஃப்லியில் ‘எஸ்’ அல்லது ‘சி’ எழுத்தும் காணப்படும். அந்தச் ‘சி’ சில நேரம் பிறையைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், முத்திரையும் மீனும் முரண்பட்டால் மீன் சொல்வதையே நம்புங்கள்.