தாயில்லாப் பூனைக்குட்டியை வளர்த்து ஒப்படைப்பது எப்படி: முதலில் சூடு, அப்புறம்தான் பால்

கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்று கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் எல்லோரும் பால் எடுக்கத்தான் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் இந்தப் பதிவு. சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, தெருவில் கிடைத்த குட்டிகளைத் தற்காலிகமாக வளர்த்து நல்ல வீடுகளில் சேர்த்து வருகிறேன். அட்டைப் பெட்டி வைப்பது, துணி விரிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: உண்மையிலேயே தாய் இல்லையா?

குட்டிகள் தனியாக இருந்தால் தாய் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இரை தேடப் போயிருக்கலாம், ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டும் இருக்கலாம். ஆள் நின்றால் அது கிட்டே வராது, அதனால் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். நிற்க நேரமில்லை என்றால் குட்டிகளைச் சுற்றிக் கோலப்பொடியை மெல்லிய கோடாகத் தூவிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது பாதத் தடம் இருந்தால் தாய் வந்து போகிறது. அரிசி மாவு வேண்டாம், எறும்பு மொய்த்துவிடும். குட்டி சில்லிட்டிருந்தாலோ, மழையில் நனைந்திருந்தாலோ, நாய் நடமாட்டம் இருந்தாலோ காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள்.

படி 2: சூடு

நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். "சென்னை வெக்கையில் எதற்குச் சூடு?" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முதல் சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அது படுத்திருக்கும் இடமே 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நம் மார்கழி ராத்திரி அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. மே மாதத்தில்கூட மின்விசிறிக்கு நேர் கீழேயோ, ஏசி அறையிலோ பெட்டியை வைத்தால் குட்டி மெல்ல மெல்லக் குளிர்ந்து துவண்டுவிடும்.

சுண்டு விரலை அதன் வாய்க்குள் லேசாக வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் பால் கொடுக்கவே கூடாது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கிவிடும், விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்கும் போகலாம். பசியில் கத்துகிறதே என்று மனசு கேட்காது. ஆனாலும் முதலில் சூடுதான்.

ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துவிடும். பை இல்லையென்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுநீர் நிரப்பிப் பழைய காலுறைக்குள் போட்டாலும் போதும். மின்சார ஒத்தடப் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன், அடியில் தோல் வெந்துபோகும். சில்லிட்ட குட்டியை அவசரப்பட்டுச் சூடேற்றவும் கூடாது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள். அதுவரை ஈறில் ஒரு சொட்டு குளுக்கோஸ் தண்ணீரை விரலால் தடவலாம்.

பெட்டியை ஒரு முக்காலி மேல் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பால் வாசனைக்கு வரும் எறும்பு இந்த வயதுக் குட்டியைக் கடித்தே கொன்றுவிடும்.

படி 3: பால்

பசும்பால் வேண்டாம், பேதியாகும். தண்ணீர் கலந்தாலும் ஆகாது. வளர்ப்புப் பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் பொடி கிடைக்கிறது, விலை அதிகம்தான், வேறு வழியில்லை.

கடையில் விற்கும் குட்டிப் பாட்டில் எனக்குப் பிடிக்கவில்லை. காம்பில் ஓட்டை சரியாக அமைவதில்லை, எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரிவதில்லை. மருந்துக்கடையில் ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்சு வாங்கி, முனையில் சிறிய சிலிக்கான் காம்பு மாட்டிக்கொள்வதுதான் நல்லது. 100 கிராம் எடையுள்ள குட்டியின் வயிற்றில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 4 மில்லிதான் கொள்ளும். முதல் வாரத்தில் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அலுவலகம் போகிறவர்கள் வீட்டில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள்.

கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் போட்டுக் கொடுக்கவே கூடாது. தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுக்க வைத்து, தலை லேசாக நிமிர்ந்திருக்கக் கொடுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மென்மையாகத் தடவுங்கள். தாய் நக்கிவிடும் வேலை இது. இதைச் செய்யாவிட்டால் மூன்று வாரம் வரை அதற்குச் சிறுநீரே தானாகப் போகாது. மலம் தினமும் போகவில்லை என்று பலர் கேட்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாலும் பரவாயில்லை, வயிறு கல்லாக இறுகினால்தான் கவலை.

படி 4: தராசு

கிராம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மற்றதில் எல்லாம் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள், குறைந்தால் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நான்கு வாரத்தில் பல் முளைத்ததும் ஈர உணவை நக்கப் பழக்கலாம். மலத்தட்டில் தண்ணீர் பட்டதும் கட்டியாகும் மணல் இந்த வயதில் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். மரத்தூள் குருணையோ கிழித்த செய்தித்தாளோ போதும்.

படி 5: ஊசி, ஒப்படைப்பு

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. எட்டு வாரத்துக்கு முன் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பால்கனியில் வலை இருக்கிறதா என்றுதான். புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையைப் பூனை கடித்து அறுத்துவிடும், கம்பி வலைதான் நம்பிக்கை. இரண்டாவது, கருத்தடைக்குச் சம்மதமா என்பது. பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகலாம், "வளரட்டும், பார்க்கலாம்" என்பவர்களுக்கு நான் தருவதில்லை. முடிந்தால் இரண்டு குட்டிகளைச் சேர்த்தே கொடுங்கள். ஒன்றோடொன்று விளையாடிக்கொள்ளும், வீட்டுக்காரர் கையும் பிழைக்கும்.

பிற்சேர்க்கை (வாசகர்கள் கேட்டதால்): வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் புதுக் குட்டியைக் குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள், உங்கள் பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பன்லுகோபீனியா என்ற வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கைகழுவும் சானிடைசருக்கு அது சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அந்த அறையில் ஃபினாயில் போடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. நாய்க்கான உண்ணி மருந்தும் அப்படித்தான், பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். தெள்ளுப்பூச்சியை எட்டு வாரம் வரை பேன் சீப்பால் வாரி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

இன்னொன்று: குட்டி பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ரேபிஸ் தடுப்பூசி இலவசம். சின்னக் குட்டிதானே என்று விடாதீர்கள்.