பழைய லேப்டாப்பில் டிஸ்க் தெரியவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. அதிலிருந்து எங்கள் காரைக்குடிப் பக்கம் பழைய லேப்டாப்கள் கடைக்கு வருவது கூடியிருக்கிறது. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியது, சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்து கொடுத்தது, படிப்பு முடிந்து மகன் விட்டுப்போனது என்று எல்லாமும் வருகின்றன. லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் (இயங்குதளம்) போட்டால் இன்னும் சில வருடம் நன்றாக ஓடும் என்பதால் யாருக்கும் தூக்கிப்போட மனசில்லை. அது நல்லதுதான்.

ஆனால் ஓஎஸ் போடும்போது வேலை பழக வரும் பையன்கள் "அண்ணே, டிஸ்க்கே தெரியலண்ணே" என்று வந்து நிற்கும்போது, நாங்கள் தொழில் பழகிய காலத்தில் கடைக்குக் கடை நடந்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். பென்டிரைவ் சரியாக எழுதவில்லை, கேபிள் சரியாக உட்காரவில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை பழகப் பழகத் தானே சரியாகிவிடும்.

பயாஸைப் பார்க்காமல் ஆரம்பிப்பது

இன்ஸ்டாலரில் டிஸ்க் இல்லை என்றால் உடனே வேறு ஓஎஸ் போட்டுப் பார்க்காதீர்கள். எஃப்2 அல்லது அந்த மாடலுக்கு உரிய பட்டனை அழுத்தி பயாஸுக்குள் (ஆன் ஆனதும் லேப்டாப் முதலில் ஓட்டும் அடிப்படை செட்டிங் திரை) போங்கள். அங்கே டிஸ்க்கின் பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தால், பெரும்பாலும் கோளாறு மோடிலோ (லேப்டாப் டிஸ்க்கோடு பேசும் முறை), டிரைவரிலோதான் (அதற்கு வேண்டிய சிறு மென்பொருள்) இருக்கும். அங்கேயும் தெரியவில்லை என்றால்தான் ஸ்க்ரூடிரைவருக்கு வேலை.

சாட்டா மோடு மாறியதைக் கவனிக்காமல் விடுவது

சாட்டா என்பது டிஸ்க் போர்டோடு இணையும் வழி. அது ஏஎச்சிஐ, ரெய்டு, ஐடிஇ என்று ஏதாவது ஒரு மோடில் ஓடும், அந்த மோடு பயாஸில் இருக்கும். அது மாறிப்போவது எங்கள் ஊர்ப்பக்கம் கூடுதலாக வரும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், கோயில் படைப்பு என்று வரும்போதுதான் திறப்பார்கள். அலமாரியில் வைத்துவிட்டுப் போன லேப்டாப்பும் அப்போதுதான் வெளியே வரும். அதற்குள் உள்ளே தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காத்துவைக்கும் சின்ன சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் காட்டினால் அதுதான் அறிகுறி. பழைய போர்டுகளில் தேதியோடு பயாஸ் செட்டிங்கும் போய், தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும்.

இதில்தான் சிக்கல். ஏஎச்சிஐ மோடில் விண்டோஸ் போட்டிருப்பார்கள், இப்போது அது ரெய்டு மோடுக்கோ ஐடிஇ மோடுக்கோ மாறியிருக்கும். ஆன் செய்ததும் நீலத்திரை, 7பி என்ற எண். பையன் அதைப் பார்த்து "டிஸ்க் போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்பான். ஒன்றும் போகவில்லை. மோடை முன்பிருந்த நிலைக்குத் திருப்பினால் விண்டோஸ் அப்படியே எழுந்து வரும். பேட்டரியை மாற்றினால் வேலை முடிந்தது.

புதிதாக லினக்ஸ் போடும்போதும் இதே இடத்தில்தான் மாட்டுவார்கள். இன்டெல் ரெய்டு மோடு ஆனில் இருந்தால் சில மாடல்களில் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாது. உபுண்டுவின் புதிய பதிப்புகள் ஆர்எஸ்டியை (இந்த இன்டெல் ரெய்டு மோடின் பெயர்) அணைக்கச் சொல்லித் திரையிலேயே கேட்கும். ஏஎச்சிஐ-க்கு மாற்றுங்கள், தெரியும். ஆனால் உள்ளே விண்டோஸும் இருந்து அதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், முதலில் விண்டோஸில் சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும்) எழும்படி வைத்துவிட்டு, அப்புறம் பயாஸில் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்புங்கள். விண்டோஸ் 10 தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு சாதாரண மோடுக்குத் திரும்பலாம்.

எடைமேடைக்காரர் யாராவது பழைய மென்பொருளுக்காக விண்டோஸ் எக்ஸ்பிதான் வேண்டும் என்று கேட்டால், நிலைமை தலைகீழ். எக்ஸ்பி வந்தது 2001-ல், ஏஎச்சிஐ அதற்குப் பிறகு வந்தது. எக்ஸ்பி சிடியில் அந்த டிரைவரே கிடையாது. அங்கே ஐடிஇ மோடுக்கு மாற்றினால்தான் டிஸ்க் தெரியும்.

"டிஸ்க் 0" என்றால் லேப்டாப் டிஸ்க்தான் என்று நம்புவது

மற்றவை நேரத்தைத் தின்னும். இது ஒரு குடும்பத்தின் படங்களையே தின்றுவிடும். இத்தனை வருடம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி வந்தார்கள். கையில் ஒரு லேப்டாப், பையில் ஒரு கருப்பு வெளி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பை வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த டிஸ்க் வேலை செய்யவில்லை என்றும், வெளி டிஸ்க்கில் இருந்த படங்களையும் காணோம் என்றும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். "எங்க அறுபதாம் கல்யாணப் படம் எல்லாம் அதுலதான் தம்பி இருந்துச்சு" என்றார்கள்.

நடந்தது இதுதான். லேப்டாப் உள்ளே 500 ஜிபி டிஸ்க், வெளி டிஸ்க்கும் 500 ஜிபி. படங்களைக் காப்பி எடுத்த கையோடு வெளி டிஸ்க்கைக் கழற்றாமல் இன்ஸ்டாலேஷனை ஆரம்பித்திருக்கிறார்கள். உள் டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய கேபிள் விட்டுப்போயிருந்ததால் அது தெரியவே இல்லை. திரையில் வந்தது ஒரு டிஸ்க், அளவு 465 ஜிபி (500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் காட்டும்). அதை உள் டிஸ்க் என்று நினைத்துவிட்டார்கள். அதில் விண்டோஸைப் போடப் பார்த்தால், யூஎஸ்பி வழியாக இணைந்த டிஸ்க்கில் போட முடியாது என்று செய்தி வருகிறது. அந்தச் செய்தியை முழுதாகப் படித்திருந்தாலே போதும். படிக்கவில்லை. ஏதோ வீடியோவில் பார்த்தபடி ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட் (டிஸ்க்குகளைக் கட்டளை கொடுத்துக் கையாளும் விண்டோஸ் கருவி) திறந்து, செலெக்ட் டிஸ்க் 0, அதை அழிக்க கிளீன். முடிந்தது.

இந்த வீடியோக்கள்மேல் எனக்குள்ள குறை இதுதான். எல்லாவற்றிலும் "டிஸ்க் 0-வை செலெக்ட் பண்ணுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அந்த எண் டிஸ்க்கின் பெயர் அல்ல. ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி, அன்றைக்கு முதலில் கண்ணில் பட்டதற்கு முதல் எண். நேற்று 0 ஆக இருந்தது இன்று 1 ஆகலாம். கிளீன் கட்டளை "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இன்ஸ்டால் பென்டிரைவைத் தவிர மற்ற எல்லா யூஎஸ்பி டிஸ்க்கையும், மெமரி கார்டையும் கழற்றிவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். டிஸ்க்பார்ட்டில் போக வேண்டிவந்தால், லிஸ்ட் டிஸ்க்கோடு நிற்காதீர்கள். செலெக்ட் செய்த பிறகு டீட்டெயில் டிஸ்க் என்று கொடுங்கள். டிஸ்க்கின் மாடல் பெயரையும், அது யூஎஸ்பியா சாட்டாவா என்பதையும் காட்டும். பயாஸில் பார்த்த பெயரோடு ஒத்துப்போனால் மட்டும் அடுத்த கட்டளை.

கை தவறி கிளீன் கொடுத்துவிட்டால், அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். வெறும் கிளீன் பார்ட்டிஷன் டேபிளைத்தான் (டிஸ்க்கின் பிரிவுகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல்) அழிக்கிறது, படங்கள் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய பார்ட்டிஷனைத் தேடிக் கண்டுபிடிக்கும், ஃபோட்டோரெக் படங்களைத் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கும். மீட்கும் ஃபைல்களை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். கிளீன் ஆல் கொடுத்திருந்தால் கதை வேறு. அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரிலும் (சிறு பகுதியிலும்) பூஜ்யம் எழுதும். எழுதிப்போன இடம் திரும்பாது.

ஆச்சியின் டிஸ்க்கில் கிளீன் கொடுத்த பிறகு புதுப் பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட்டும் செய்து, எதையோ காப்பியும் செய்திருந்தார்கள். படங்களில் ஒரு பகுதிதான் கிடைத்தது. பேரப்பிள்ளையின் படங்கள் வந்தன. கல்யாணப் படங்களில் பல பாதி சாம்பல் நிறமாகத் திறந்தன.

விண்டோஸ் 7-ல் "டிரைவர் இல்லை" என்பதை அப்படியே நம்புவது

சிடி, டிவிடி டிரைவர் இல்லை என்று செய்தி வரும். டிவிடி டிரைவே இல்லாத லேப்டாப்பிலும் வரும். பல நேரம் பென்டிரைவை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகியிருப்பதுதான் காரணம், ஏனென்றால் விண்டோஸ் 7-ல் அதற்கு டிரைவர் கிடையாது. கருப்பு யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

எம்பிஆர் என்று செய்தி வந்ததும் டிஸ்க்கை அழிப்பது

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எம்பிஆர் (பழைய வகைப் பார்ட்டிஷன் டேபிள்) என்பதால் போட முடியாது என்கிறதா? பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை பூட் மோடில் எழுந்திருக்கிறது. பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய வகை மோடில் போட்டது. பூட் மெனுவில் அதே பென்டிரைவை லெகசியில் எழுப்பினால் டேட்டாவில் கை வைக்காமலே வேலை நடக்கும்.

எம்.2 என்று பார்த்து எந்த எஸ்எஸ்டியையும் வாங்குவது

எம்.2 என்பது பட்டை மாதிரி இருக்கும் எஸ்எஸ்டியைச் செருகும் ஸ்லாட். பழைய எம்.2 ஸ்லாட்டுகளில் பல சாட்டா வகை எஸ்எஸ்டியை மட்டும்தான் எடுக்கும், என்விஎம்இ என்ற புதிய வகையை எடுக்காது.

சத்தம் போடும் டிஸ்க்கில் திரும்பத் திரும்ப முயல்வது

டிக் டிக் என்று சத்தம், ஒருமுறை தெரிகிறது, மறுமுறை தெரியவில்லை. இப்படிப்பட்ட டிஸ்க்கில் ஓஎஸ் போடவே கூடாது. பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் எழுப்பி, ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) பாருங்கள். 5, 197, 198 ஆகிய வரிகளின் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் முதலில் கேளுங்கள். இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து வேறு டிஸ்க்குக்குப் பிம்பம் (முழு நகல்) எடுங்கள். சத்தம் பலமாக இருந்தால் அதுவும் வேண்டாம், உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் அனுப்புங்கள். புது எஸ்எஸ்டியை அதற்குப் பிறகு மாட்டலாம்.